பொங்கியண்ணன் பெயரில் பதினோரு கட்டளை

சர்வர் ஒன்றின் கன்ட்ரோலரில் பதினாறு பேருக்குத்தான் இடம் உண்டு என்று கோயம்புத்தூர்ப் பெண் சொன்னபோது, நல்லசிவத்தின் வீட்டுக் கூடத்தில் நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்திரண்டு பேரும் மானஸ்தர்கள். பதினேழாவது ஆளாக இருக்க ஒருவருக்கும் சம்மதமில்லை.

நான்கு வருடத்துக்கு முன்பு நடந்தது அது. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி ஓட்டிப் பெரிய பெயரெடுத்த பொங்கியண்ணனை அடக்கம் செய்து, காரியமெல்லாம் முடிந்த மறுநாள். உடம்புதான் போயிற்று. அவருடைய நினைவை முன்கூட்டியே படியெடுத்து, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரு சர்வரில் ஏற்றி வைத்திருந்தார்கள். வசதியுள்ள வீடுகளில் அதுதான் அப்போது வழக்கம். கூடத்தை ஒட்டிய அறையில் ஒரு திரை. திரையில் அவர் முகம், அவர் குரல், அவர் அதட்டல். தான் செத்தது அவருக்கும் தெரியும். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

யாழ்மொழி என்ற அந்தப் பெண் சர்வர் கூடத்தில் பொறியாளர். கைபேசித் திரையில் இருந்தபடி பொறுமையாகத்தான் விளக்கினாள்.

"ஐயா, பெரியவர் இருக்கறது சர்வருக்குள்ள. கன்ட்ரோலர்ங்கறது அதோட ஒட்டியிருக்கற சின்னப் பலகை. அதுக்குத் தனிக் கரண்ட், தனி லைன். சர்வர் அணைஞ்சு கெடந்தாலும் அது முழிச்சிருக்கும். நீங்க திருச்செங்கோட்டுல இருந்துக்கிட்டே அதுக்குள்ள போய், சூடு ஏறுதா, ஃபேன் சுத்துதான்னு பாக்கலாம். சர்வர அணைக்கலாம், எழுப்பலாம். ஏதாவது கோளாறுன்னா பழைய நகலுக்குத் திருப்பலாம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் விடிஞ்சதும் ஒரு நகல் எடுத்து வெச்சிருவோம்."

"அப்பாவுக்குப் போட்ட மூக்கணாங்கயிறுன்னு சொல்லு" என்றார் தம்பி குழந்தைவேலு. மூத்த மகன் நல்லசிவம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். தம்பி வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

பதினாறு இடத்திலும் தரம் மூன்று. நிர்வாகி எதையும் செய்யலாம். இயக்குபவர் அணைக்கலாம், எழுப்பலாம். பார்ப்பவர் பார்க்கலாம், அவ்வளவுதான். சம்பந்தி ஆறுச்சாமிக்குப் பார்ப்பவர் என்றதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"பொண்ணக் குடுத்த எடத்துல என்னைய வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?"

சரி, அவரும் நிர்வாகி என்றார்கள். அப்படியானால் வரிசையில் அவர் எண் என்ன? குழந்தைவேலுவுக்கு முன்னாலா, பின்னாலா? கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை மேலே போடுவது என்று மூன்று நாள் சண்டை பிடிக்கிற கூட்டம் அது. ஒரு சின்னப் பலகையில் ஏறுவதற்கும் அதே சண்டையைப் பிடித்தது. கிணறு தோண்டத் தெரிந்த அளவுக்கு இவர்களுக்கு வெட்கப்படத் தெரியவில்லையே என்று நல்லசிவம் நினைத்துக்கொண்டார். அறுபத்துநான்கு வயதிலும் முதுகை எதிலும் சாய்க்காமல் உட்காருகிறவர் அவர். தொண்டையைக் கனைத்தார். கூடம் அடங்கியது.

"ஆரு பேரும் வேண்டாம். அப்பா பேரு ஒண்ணு போதும். ஒரே பேரு, ஒரே கடவுச்சொல்லு. அத்தன பேரும் அது வழியாவே போங்க."

"ஐயா, அப்படிச் செஞ்சா, யார் என்ன பண்ணாங்கன்னு பதிவேட்டுல தெரியாது" என்றாள் யாழ்மொழி.

"எங்க ஊட்டுல ஆரு என்ன பண்றாங்கன்னு பாக்கப் பதிவேடு எதுக்கு கண்ணு? நான் இருக்கறேன்."

அந்தப் பெருமை நான்கு வருடம் தாங்கியது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நல்லசிவம் தந்தையைப் பார்க்கப் போவார். வெளுத்த வேட்டி, சட்டை, திருநீறு. மற்றவர்கள் நினைத்தபோது போய் அரட்டையடித்துவிட்டு வருவார்கள். குடும்பக் காரியம் பேசுவது மூத்தவர் மட்டும்தான். அந்த ஆவணி ஞாயிறன்று பேத்தி நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த செய்தியோடு போனார்.

"எந்த நிச்சயம்?" என்றார் திரையில் பொங்கியண்ணன்.

"போன மாசம் சொன்னேனுங்களே அப்பா. பெருந்துறை மாப்பள."

"எங்கிட்ட ஆரும் சொல்லல. ஊட்டுல பெரியவன் ஒருத்தன் இருக்கான், ஒரு வார்த்த கேக்கலாம்னு தோணலையா உனக்கு?"

நல்லசிவத்துக்கு முகம் சுருங்கியது. போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசியிருக்கிறார். மாப்பிள்ளை எந்தக் குலக் கூட்டம், பாட்டன் யார், பையன் சிகரெட் பிடிப்பானா என்று குடைந்து குடைந்து கேட்டுவிட்டுத் தலையாட்டியவர் இவர்தான்.

"அது கெடக்கட்டும்" என்றார் தந்தை. "எனக்கு ஒரு காரியம் ஆகோணும் சாமி. சடையன் சம்சாரம் பாவாயி உசுரோட இருக்கறாளா?"

இதை மட்டும் அவர் மாதாமாதம் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்கிறார்.

"இருக்கறாங்க."

"லைன் குடு. ஹோஸு நைஞ்சு போச்சு, மாத்தோணும்னு சடையன் மூணு தடவ சொன்னான். இந்த ஒரு போர் முடியட்டும்னு நாந்தான் சொன்னேன். கம்ப்ரெஸர் காத்துல ஹோஸ் வெடிச்சு அவன் நெஞ்சுல அடிச்சுது. குடிச்சுப்போட்டு வால்வத் தொறந்துட்டான்னு ஊருக்குச் சொன்னதும் நாந்தான். அவன் வாயில சாராயம் பட்டதில்ல. அத அவகிட்ட நான் சொல்லோணும்."

அவர்கள் வண்டியில் வேலை செய்த சடையன் செத்துப்போன விபத்து, முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்பு அனந்தப்பூர்ப் பக்கம் நடந்தது. நல்லசிவத்துக்கும் எல்லாம் தெரியும். நினைவாக இருப்பவர் வெளியாளோடு பேச வேண்டுமென்றால், பொறுப்பாளராகப் பதிவான வாரிசு அனுமதி தர வேண்டும் என்பது சட்டம். தம்பியிடம் கேட்டால் அண்ணனைக் கேளுங்கள் என்பார். அண்ணன் தருவதாக இல்லை.

"அப்பா, போர்வெல் சங்கத்துல நம்ம பேரச் சொன்னா எந்திரிச்சு நிக்கறாங்க. நாலு ஸ்டேட்டுல நம்ம வண்டி ஓடுது. போனவன் போயிட்டான். செத்தவனுக்கு என்னங்க மானம்? அவனுக்காக இருக்கற அத்தன பேரும் தலை குனியோணுமா?"

பொங்கியண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

"சரி. நீ போ" என்றார்.

எல்லா மாதமும் இப்படித்தான் முடியும். தந்தை அடங்கிவிட்டார் என்று நல்லசிவம் எழுந்து வருவார். அடுத்த மாதம் மறுபடியும் கேட்பார். வயதான மூளை, சர்வரில் ஏற்றினாலும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். ஆனால் பேத்தி நிச்சயத்தை மறப்பது வேறு. அது மரியாதைக் குறைவு. மறுநாள் காலையில் யாழ்மொழியைக் கூப்பிட்டு, உங்கள் பெட்டி பழுதாகிவிட்டது என்று சத்தம் போட்டார்.

அவள் பதிவேட்டைப் புரட்டினாள்.

"பெட்டி நல்லாத்தான் இருக்குங்க ஐயா. அவர யாரோ பழைய நகலுக்குத் திருப்பியிருக்காங்க. பதினோரு மாசமா மாசத்துக்கு ஒரு தடவை, எல்லாம் முதல் ஞாயித்துக்கிழமை மத்தியானம். நேத்தும் நடந்திருக்கு. திருப்பினா அன்னைக்குக் காலையில எப்படி இருந்தாரோ அப்படி ஆயிருவாரு. நீங்க வந்ததே அவருக்குத் தெரியாது."

"ஆரு திருப்புனது?"

"பேரு பொங்கியண்ணன்னு இருக்கு. எல்லாருக்கும் அந்த ஒரே பேருதானுங்களே. ஆனா ஐயா, கட்டளை எங்கிருந்து வந்ததுன்னு பாத்தா..."

"ஆருன்னு நான் பாத்துக்கறேன்" என்று இணைப்பைத் துண்டித்தார் நல்லசிவம். தன் வீட்டுத் திருடனைப் பற்றி வெளியூர்ப் பெண் வாயால் கேட்கிற அளவுக்கு அவர் இன்னும் தாழ்ந்துவிடவில்லை.

அந்த வாரமே ஒறம்பரை, சொந்தபந்தம் முழுவதையும் வரவழைத்தார். தான் பேசிவிட்டு வந்த பேச்சை ஒருவன் தந்தையின் நினைவிலிருந்து துடைக்கிறான் என்றால், அது தன் முகத்தில் கரி பூசுவது. யாரென்று இன்றைக்கே தெரிய வேண்டும் என்றார்.

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கப் போட்டி போட்டார்கள். பழைய வண்டியை விற்ற அன்று, விலையில் தந்தை மூக்கை நுழைப்பார் என்று குழந்தைவேலு அவரை இரண்டு மணி நேரம் அணைத்து வைத்தது வெளியே வந்தது. ஆறுச்சாமி செய்தது அதைவிட அழகு. வீட்டுக்கு விருந்தாளி வந்தால், கைபேசியை எடுத்து, "எங்க சம்பந்தி ஊட்டுப் பெரியவர இங்க இருந்தே எழுப்பறேன் பாருங்க" என்று பொங்கியண்ணனை அணைத்து அணைத்து எழுப்பிக் காட்டியிருக்கிறார். டார்ச் லைட் போல. தந்தை தன் சமையலைக் குறை சொன்ன நாளெல்லாம் அணைத்துவிடுவேன் என்று தம்பி மனைவி கூசாமல் சொன்னாள்.

"இதுக்குத்தான் நாலு வருசத்துக்கு முந்தி அத்தன பேரும் மல்லுக்கட்டுனீங்களா?" என்றார் நல்லசிவம். "ஒருத்தராவது அவருக்குச் சூடு எவ்வளவுன்னு பாத்திருக்கீங்களா?"

"நீங்க பாத்தீங்களா மாமா?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. அவரும் பார்த்ததில்லை.

திருப்பியது நானில்லை என்று குலதெய்வத்தின் மேல் அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். செய்துவிட்டு, தங்களைச் சந்தேகப்பட்டது பெரிய அவமானம் என்று சாப்பிடாமல் போனார்கள். பந்திக்கு வைத்த சோறு அப்படியே கிடந்தது.

மறுநாள் யாழ்மொழியே கூப்பிட்டாள்.

"ஐயா, அன்னைக்கு நான் முழுசாச் சொல்றதுக்குள்ள வெச்சுட்டீங்க. திருப்பின கட்டளை பதினொண்ணுல ஒண்ணு கூட வெளியிலிருந்து வரல. எல்லாம் உள்ளயிருந்து."

"உள்ளயிருந்துன்னா?"

"சர்வருக்குள்ள இருந்து. கன்ட்ரோலருக்கு உள்பக்கமா ஒரு கதவு இருக்குங்க. கடவுச்சொல் தெரிஞ்சா போதும். பெரியவரே தன்னைத் திருப்பிக்கறாரு. அவருக்கு யாருங்க கடவுச்சொல்லச் சொன்னது? உள்ள இருக்கறவங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்களே."

சொன்னது நல்லசிவம்தான். அந்த வீட்டில் பத்திரிகை அடித்தால் முதல் பத்திரிகை தந்தைக்கு. தாம்பூலம் மாற்றினால் முதல் தாம்பூலம் தந்தைக்கு. கடவுச்சொல் முடிவான அன்றும், ஒறம்பரைக்குக் கொடுப்பதற்கு முன்னால், வெற்றிலை பாக்குத் தட்டோடு திரை முன்பு நின்று எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டினார். பெரியவருக்குத் தெரியாமல் சின்னவர்களுக்கு ஒன்று தெரிவதாவது!

அதைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. அவள் சிரிப்பை அடக்குகிறாளோ என்று அவருக்குச் சந்தேகம்.

"இன்னொண்ணும் இருக்குங்க. கன்ட்ரோலர்ல சர்வர் எந்த எடத்துல இருக்குன்னு எழுதி வைக்க ஒரு கட்டம் உண்டு. அதுல அவரு ஒரு குறிப்பு எழுதியிருக்காரு. கன்ட்ரோலர் தனிப் பலகைங்கறதால, அவர் மறந்தாலும் அது அழியாது. படிக்கட்டுங்களா?"

"படி."

"'நல்லசிவத்திடம் கேட்டேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவன் சொல்கிற காரணமெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மனசில் தங்கவிட்டால் நாலு மாதத்தில் நானும் அதையே பேசுவேன். அதனால் அழித்துவிட்டு, அடுத்த தடவை முதல் ஆளாகக் கேட்கிறேன்.' அதுக்குக் கீழ 'மறுபடியும்'னு பத்துத் தடவை எழுதியிருக்குங்க."

நல்லசிவத்துக்குக் காது சூடாயிற்று. பெற்ற தந்தை தன் பேச்சை நோய் மாதிரி கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அதுவும் பதினோரு தடவை! எச்சில் பட்ட தட்டைக் கழுவுவது போல! அதை வேலைக்கு இருக்கிற ஒரு பெண் படித்துக் காட்டுகிறாள்.

"கடவுச்சொல்ல மாத்து. உள்கதவ அடச்சுப்போடு. பழைய நகல் அத்தனையும் அழிச்சுரு. இனி நகலே எடுக்க வேண்டாம்."

"ஒண்ணாவது வெச்சுக்கலாமுங்களே ஐயா. நாளைக்கு ஏதாவதுன்னா..."

"ஒண்ணு கூட வேண்டாம். அந்தக் குறிப்பையும் அழி."

"நீங்க பொறுப்பாளர். நீங்க சொன்னா செய்யறதுதான் என் வேலை" என்றாள். "ஆனா பதினோரு தடவையும் யாரும் சொல்லித்தராம ஒரே முடிவுக்கு வர்றதுக்கு ஒரு நெஞ்சு வேணுமுங்க ஐயா. நான் இங்க முந்நூறு பேரப் பாத்துக்கறேன். அப்படி ஒருத்தர நான் பாத்ததில்ல."

"உங்கிட்ட சர்ட்டிபிகேட் கேக்கல" என்று வைத்தார்.

புரட்டாசியில் தந்தை கேட்டார். மகன் மறுத்தார். "சரி, நீ போ" என்றவர், மகன் எழுந்திருப்பதற்குள் கண்ணை மூடி எதையோ துழாவுகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். கதவு திறக்கவில்லை போலிருக்கிறது. மகன் காணாதது போல வெளியே வந்தார்.

ஐப்பசியிலும் கேட்டார், ஆனால் இழுத்து இழுத்து. "நீ சொல்றதும் ஒரு வழியில..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

கார்த்திகையில் கேட்கவே இல்லை. பேத்தி நிச்சயத்தைப் பற்றிப் பேசினார். யார் யாருக்கு முதல் பத்திரிகை என்று வரிசை சொன்னார். ஆறுச்சாமியைக் கிண்டல் செய்து சிரித்தார். நல்லசிவம் காத்திருந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

"அப்பா, சடையன் விசயம்..."

"அட, அத விடு சாமி. யோசிச்சுப் பாத்தேன், நீ சொன்னதுதான் சரி. குடிச்சிருந்தான்னே இருந்துட்டுப் போகட்டும். செத்தவனுக்கு என்ன மானம்?"

தன்னுடைய வார்த்தைதான். இழுப்புக்கூட மாறவில்லை. அந்த முகத்திலிருந்து அது வந்தபோது நல்லசிவத்துக்கு அருவருப்பாக இருந்தது. ஒன்றைக் கேட்டால் விடாத மனிதர் என்று ஊரெல்லாம் இவரைத்தான் சொல்லும். இந்த முதுகைப் பார்த்துத்தான் தன் முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். இப்போது திரையில் இருக்கிற கிழவர் ஆறுச்சாமியைப் போல இருந்தார். குழந்தைவேலுவைப் போல இருந்தார். மேற்கொண்டு யாரைப் போல என்று யோசிக்க அவர் மனம் துணியவில்லை.

வெளியே வந்து யாழ்மொழியைக் கூப்பிட்டார்.

"பழைய நகல் ஒண்ணு வேணும். ஆவணிக்கு முந்துனது எதுன்னாலும் சரி."

"அழிச்சாச்சுங்களே ஐயா. நீங்கதான ஒண்ணு கூட வேண்டாம்னீங்க."

"எங்கியாச்சும் மிச்சம் மீதி?"

"இல்லீங்க. அந்தப் பெரியவர் இனி எங்கயும் இல்லீங்க."

அடக்கம் செய்த அன்றுகூட, தந்தை போய்விட்டார் என்று அவருக்கு இப்படித் தோன்றியதில்லை. அன்று வந்தவர்களுக்கு மோர் கொடுத்தார்களா என்று விசாரித்துக்கொண்டு நின்றவர் அவர்.

காரை எடுக்கச் சொன்னார். ஊரை ஒட்டிய சூரியம்பாளையத்தில் தெரு முனையில் இறங்கி நடந்தார். பாவாயி வாசலில் கட்டிலைப் போட்டுச் சோளம் காயவைத்துக்கொண்டிருந்தாள். எழுபதுக்கு மேல் இருக்கும். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"நான் பொங்கியண்ணன் மகன்."

"தெரியுதுங்க."

வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியம் வாய்க்கு வரவில்லை. எது வந்ததோ அதைச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் அன்னைக்குக் குடிக்கல. ஹோஸு பழசு. மாத்தச் சொல்லிக் கேட்டாரு. நாங்க மாத்தல."

அவள் சோளத்தைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தாள்.

"இதச் சொல்லத்தான் கார் போட்டுக்கிட்டு வந்தீங்களாக்கும்? பன்னண்டு வருசம் அந்தாளு வேட்டியத் தொவச்சவ நான். குடிப்பாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாதுங்களா?"

அவர் நின்றார்.

"எனக்குத் தெரியாம இருந்தாத்தான எங்கிட்டச் சொல்லோணும்? தெரியாதது ஊருக்கு. அந்த முக்குப் பேக்கரியில உக்காந்துதான் உங்கப்பன் சொன்னாரு. பக்கத்துல நீங்களும்தான் நின்னீங்க. எம்புள்ளயப் பொண்ணு பாக்க வந்தவங்க அத்தன பேரும் அங்க டீ குடிச்சுப்போட்டு அப்படியே திரும்பிப் போனாங்க. சொல்றதா இருந்தா அங்க போய்ச் சொல்லுங்க."

அவ்வளவுதான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேக்கரியில் கூட்டம் இருந்தது. வண்டி முதலாளிகள் ஏழெட்டுப் பேர், டிரைவர்கள், துளைபோடும் ரிக் ஓட்டுகிறவர்கள். சங்கத் தலைவரான நல்லசிவம் தெருவில் நடந்து வருவதை அவர்கள் பார்த்ததே இல்லை. பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிகரெட்டை ஒருவன் காலில் போட்டு மிதித்தான். "வாங்க, வாங்க" என்று நாலைந்து குரல்கள். ஆறுச்சாமியும் அங்கே இருந்தார். சண்டையை மறந்து அவரும் எழுந்தார்.

நல்லசிவம் எழுந்து நின்ற அத்தனை பேரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றார். "எல்லாரும் உக்காருங்க. எங்க ஊட்டுச் சேதி ஒண்ணு சொல்லோணும்."